ஜாதவ்பூரும் இரு மொழிக் கல்வியும்

தென் கல்கத்தாவில் ராஜா சுபோத் சந்திர மல்லிக் சாலையை ஒட்டியிருக்கும் ஜாதவ்பூர் சர்வகலாசாலையின் நிர்வாகக் கட்டிடத்துக்கு அரவிந்த பவனம் என்று பெயர். சாலைக்குப் பெயர் தந்தவர் பணம் கொடுத்தவர். கட்டிடத்துக்குப் பெயர் தந்தவர் தம்மையே கொடுத்தவர். இருவரும் எந்தக் காரியத்துக்காகக் கொடுத்தார்களோ, அந்தக் காரியத்தின் உள்ளே, குழந்தை எந்த மொழியில் கல்வி கற்க வேண்டும் என்ற கேள்வி ஆதி முதலே உறைந்திருந்தது. இன்று அந்தச் சாலை வழியே பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது நினைவுக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்கு இரு மொழிக் கல்வி பயன் தருமா என்ற விவாதம் நம் நாட்டில் எழும்போதெல்லாம் என் மனம் அந்தச் சாலைக்கே போகிறது.

1872இல் பிறந்த அரவிந்தரை, வங்க மொழியின் வாடையே படாமல் வளர்க்க வேண்டும் என்று வைத்தியரான அவருடைய தந்தை சங்கற்பம் செய்துகொண்டிருந்தார். ஐந்து வயதில் டார்ஜிலிங்கில் ஐரோப்பியக் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கு அனுப்பப்பட்டு, ஏழு வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டு, கிரேக்கமும் லத்தீனும் கரைகண்டு 1893இல் தாயகம் திரும்பிய அந்த இளைஞருக்கு, தம் சொந்தப் பாட்டனாரோடு அவருடைய மொழியில் நாலு வார்த்தை சரளமாகப் பேச வராது. பரோடாவில் உத்தியோகம் பார்த்த காலத்தில், இருபது வயதுக்கு மேல், தினேந்திர குமார் ராய் என்ற எழுத்தாளரை வரவழைத்து உடன் தங்க வைத்துக்கொண்டு, பிறர் மடியிலிருந்தே பெறும் மொழியை அவர் பாடமாகப் படித்தார். அப்படிப்பட்டவர்தான் தாய்மொழியைப் போதனாமொழியாகக் கொண்டு எழுந்த வங்காள தேசியக் கல்லூரிக்கு முதல் பிரின்சிபால் ஆனார் என்பதை ஒரு தற்செயல் என்று என்னால் கருத முடியவில்லை. இழந்தவனுக்குத்தான் இழப்பின் கனம் தெரியும்.

1905 அக்டோபர் 16ஆம் தேதி கர்ஸன் பிரபு வங்காளத்தை இரு கூறாக்கியதும் சுதேசிக் கிளர்ச்சி மூண்டதும் எல்லோரும் அறிந்த சரித்திரம். கிளர்ச்சியில் மாணவர்கள் கலந்துகொள்ளக் கூடாது, கலந்துகொண்டால் பள்ளிகளின் மானியமும் சலுகைகளும் பறிபோகும் என்று மிரட்டி அதே மாதம் அரசாங்கம் வெளியிட்ட கார்லைல் சுற்றறிக்கை, அது அணைக்க நினைத்த நெருப்புக்கு நெய்யாயிற்று. ரங்கபூரில் தண்டிக்கப்பட்ட மாணவர்களுக்காக நவம்பர் தொடக்கத்திலேயே ஒரு தேசியப் பள்ளி திறக்கப்பட்டது. அடுத்த நாள் கல்கத்தாவில் நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் இளம் ஜமீன்தார் சுபோத் சந்திர மல்லிக் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். ஜனங்கள் அந்த இடத்திலேயே அவரை ராஜா என்று அழைத்தார்கள். அரசாங்கம் கொடுக்காத அந்தப் பட்டந்தான் இன்றும் சாலைப் பலகையில் நிற்கிறது. கௌரிபூர் ஜமீன்தார் பிரஜேந்திர கிஷோர் ராய் சௌதுரி ஐந்து லட்சம் அளித்தார். 1906 மார்ச் 11ஆம் தேதி ஜாதீய சிக்ஷா பரிஷத் உருவாயிற்று. வங்க மொழியில் ஜாதி என்பது தேசத்தைக் குறிக்கும் சொல். நம் காதுக்கு வேறு பொருள் பட்டாலும் தேசியக் கல்விக் கழகம் என்பதே அதன் அர்த்தம். ராஷ்பிஹாரி கோஷ் அதன் தலைவர்; ‘டான்’ சங்கத்தை நடத்திய சதீஷ் சந்திர முகர்ஜி அதன் உயிர்நாடி. ஆகஸ்ட் 15ஆம் தேதி பௌபஜார் தெருவில் ஒரு வாடகைக் கட்டிடத்தில் கல்லூரியும் பள்ளியும் தொடங்கின.

அந்தப் பரிஷத் தனக்கு வகுத்துக்கொண்ட நோக்கங்களுள் ஒன்றை நான் பன்முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கல்வி சாதாரணமாக நாட்டு மொழிகளின் வாயிலாகவே புகட்டப்படும், ஆங்கிலமோ கட்டாய பாடமாக இருக்கும் என்பது அதன் சாரம். அந்நியத் துணியைத் தெருவில் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு காலத்தில், அந்நிய ஆட்சியின் மேல் கோபம் தலைக்கேறியிருந்த மனிதர்கள், அந்நிய மொழியைக் கொளுத்தவில்லை. சிந்திக்கும் மொழியாகத் தாய்மொழியையும், அதன் பக்கத்தில் கைவிடாமல் கற்க வேண்டிய மொழியாக ஆங்கிலத்தையும் வைத்து, இரண்டு கால்களில் கல்வியை நிறுத்தினார்கள். இன்னொரு விசேஷம்: நாட்டு மொழி என்று ஒருமையில் அவர்கள் சொல்லவில்லை, மொழிகள் என்று பன்மையில் சொன்னார்கள். கல்லூரியில் வங்க மொழியும் இந்திய சரித்திரமும் கற்பித்தவர்களுள் ஒருவரான சகாராம் கணேஷ் தேவுஸ்கர் மராத்தியக் குடும்பத்தவர். வங்காள வீடுகள்தோறும் படிக்கப்பட்டுப் பின்னர் அரசாங்கத்தால் தடை செய்யப்பட்ட ‘தேஷேர் கதா’ என்ற வங்க நூல் அவர் எழுதியது. பிறமொழியாளன் ஒருவன் தன் மொழியை இழக்காமலே ஊரின் மொழியில் எந்த உயரத்தை எட்டலாம் என்பதற்கு, அந்த வகுப்பறையிலேயே அவர் உதாரணமாக நின்றுகொண்டிருந்தார்.

இந்த எண்ணம் 1906இல் திடீரென்று முளைத்ததன்று. 1891இல் கல்கத்தா சர்வகலாசாலையின் முதல் இந்தியத் துணைவேந்தரான குருதாஸ் பானர்ஜி பட்டமளிப்பு விழாவில் நாட்டு மொழிகளுக்காகப் பரிந்து பேசினார். அதே ஆண்டு இளைஞரான ஆசுதோஷ் முகர்ஜி செனட் சபையில் அதற்காக வாதாடித் தோற்றார். மறு ஆண்டு ரவீந்திரநாதர் ‘சிக்ஷார் ஹேர்ஃபேர்’ என்ற கட்டுரையில், பாஷையும் எண்ணமும் வாழ்க்கையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பையன்கள் வளர்வதைக் கண்டு மனம் நொந்து எழுதினார். படிப்பது ஒரு மொழி, பசித்தால் கேட்பது வேறு மொழி. ஆகவே படித்ததெல்லாம் பசிக்கு உதவாத பண்டமாகிறது என்பதே அவர் கண்ட நோய். தமிழ்நாட்டில் அந்நாளில் படித்தவர்களும் இதே நோயை அறிந்திருந்தார்கள். பாரதியார் தேசீயக் கல்வியைப் பற்றி எழுதிய கட்டுரையில், தமிழ்நாட்டுத் தேசீயக் கல்வி தமிழிலேயே நடைபெற வேண்டும் என்று ஒளிவு மறைவின்றி வற்புறுத்துகிறார். 1910இல் அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த பிறகு இருவருக்கும் நேர்ந்த சிநேகத்தின் பயனாக, அந்த மனிதர் தமிழும் கற்று, ஆண்டாள், நம்மாழ்வார் பாசுரங்கள் சிலவற்றைப் பாரதியார் துணையோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ‘ஆர்யா’ பத்திரிகையில் வெளியிட்டார். தன் மொழியைத் தேடிப் போய் மீட்டவனுக்குப் பிறர் மொழியின் அருமை எளிதில் விளங்கும் போலும்.

ஆனால் கல்லூரி தழைக்கவில்லை. அதன் பட்டத்துக்கு அரசாங்க அங்கீகாரம் இல்லை; அங்கீகாரம் இல்லாத பட்டத்துக்கு உத்தியோகமில்லை; உத்தியோகமில்லாத படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர்களுக்கு ஆவேசம் எத்தனை வருஷம் தாங்கும்? அரவிந்தர் 1907இல் ராஜத்துரோக வழக்கில் சிக்கியபோது பதவியை விட்டார். கலைப் பிரிவு மெல்ல மெல்ல மெலிந்தது. நிலைத்து நின்றது, தாரக்நாத் பாலித் 1906இலேயே தனியாக நிறுவி 1910இல் பரிஷத்தோடு இணைந்த தொழில்நுட்பக் கழகந்தான். (அதே பாலித் பிற்பாடு கல்கத்தா சர்வகலாசாலைக்கு வழங்கிய நிதியிலிருந்து உண்டான பௌதிக ஆசிரியர் பீடத்தில் 1917இல் அமர்ந்தவர் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் என்பதை நம்மவர்கள் நினைவில் வைக்கலாம். அவர் ஆராய்ச்சி செய்த ஸ்தாபனமும் பிற்காலத்தில் ஜாதவ்பூருக்கே குடிபெயர்ந்து, இன்று சர்வகலாசாலைக்கு அண்டை வீடாக இருக்கிறது.) 1921இல் காலமான ராஷ்பிஹாரி கோஷ் எழுதிவைத்துச் சென்ற பெரும் ஆஸ்தியைக் கொண்டு, கல்கத்தா நகராட்சியிடம் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் கட்டிடங்கள் எழும்பி, 1924 வாக்கில் நிறுவனம் ஜாதவ்பூரை அடைந்தது. அதற்குள் அது பெரும்பாலும் இன்ஜினீயர்களை உருவாக்கும் இடமாகிவிட்டிருந்தது. பாய்லரையும் டைனமோவையும் வங்க மொழியில் விளக்கும் புத்தகங்கள் இல்லாமையால், பரிஷத்தின் மொழிக் கொள்கை ஏட்டளவில் நின்றுபோயிற்று. கொள்கை தோற்றது என்று இதற்குப் பெயரிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடநூலும் பயிற்சி பெற்ற உபாத்தியாயரும் பிழைப்புக்கு வழியும் இல்லாத எந்த மொழியும் பள்ளியில் தோற்கும்; ஆங்கிலமும் அதே நிலையில் விடப்பட்டால் தோற்கும்.

கொள்கை வேறு வாயில்களில் வெளிப்பட்டது. 1919இல் ஆசுதோஷ் முகர்ஜி இந்திய மொழிகளில் எம்.ஏ. வகுப்பைத் தொடங்கி, ஒவ்வொரு மாணவனும் ஒரு பிரதான மொழியோடு வேறொரு இந்திய மொழியையும் கற்க வேண்டும் என்று விதித்தார். 1937 பிப்ரவரியில் ரவீந்திரநாதர் கல்கத்தா சர்வகலாசாலையின் பட்டமளிப்பு உரையை வங்க மொழியில் நிகழ்த்தினார். அதற்கு முன் அந்த மேடையில் ஆங்கிலத்தைத் தவிர வேறு குரல் ஒலித்ததில்லை. 1940 முதல் மெட்ரிகுலேஷன் பரீட்சையைத் தாய்மொழியில் எழுத வழி பிறந்தது.

இதற்கிடையில் டாக்காவில் ஒரு ஆங்கிலேயர் அமைதியாகச் செய்த காரியத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்ட், 1926இல் இரு மொழித்தன்மையைப் பற்றி, வங்காளத்தை விசேஷமாக எடுத்துக்கொண்டு, ஒரு பெரும் அறிக்கை வெளியிட்டார். அந்நாளில் மேலைநாட்டுப் பண்டிதர்களுக்கு இரண்டு மொழி என்றாலே சந்தேகம். வேல்ஸ் நாட்டுக் கிராமப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஸேயர் என்பவர், இரு மொழி பேசுகிறவர்கள் அறிவுச் சோதனையில் பின்தங்குவதாக 1923இல்தான் எழுதியிருந்தார். வெஸ்டோ, பள்ளியில் நாலைந்து வருஷம் படித்து நின்றுவிடுகிற எண்ணற்ற பையன்களைக் கண்ணெதிரே கண்டவர். ஆயுள் காப்பீட்டைப் பாதியில் நிறுத்தினால் கையில் வரும் சரண் மதிப்பைப் போல, படிப்பைப் பாதியில் நிறுத்திய பையனுக்கு அது வரை கற்றதால் என்ன மதிப்பு மிஞ்சுகிறது என்று அவர் கேட்டார். ஆங்கிலத்தைத் தப்பும் தவறுமாகப் பேச அரைகுறையாகக் கற்றவனுக்கு மிஞ்சுவது சூனியம். வாசிக்கக் கற்றவனுக்கு, பள்ளியை விட்ட பிறகும் அந்த மொழியிலுள்ள அறிவு திறந்தே இருக்கும் என்பதால், முதலில் வாசிப்பைக் கற்பியுங்கள் என்பது அவர் முடிவு. இந்தச் சரண் மதிப்பு என்ற அளவுகோல் இன்று வரை எந்த மொழித் திட்டத்தையும் எடைபோடப் போதுமானது என்பது என் திடமான அபிப்பிராயம். பாதியில் நிற்கிற குழந்தைதான், பெரும்பாலும், வீட்டில் வேறு மொழி பேசுகிற குழந்தை.

1947இல் தேசம் பிளவுண்டபோது ஜாதவ்பூரின் முகமே மாறிற்று. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குவிந்த அகதிகள், யுத்த காலத்தில் ராணுவம் பயன்படுத்திக் கைவிட்டுப்போன கொட்டகைகளில் குடிபுகுந்து உண்டாக்கிய விஜய்கர் குடியிருப்பும், அதைப் பின்பற்றி ஒரே இரவில் மூங்கிலும் தென்னங்கீற்றும் கொண்டு எழுந்த ஆஜாத்கர் முதலிய குடியிருப்புகளும் சுற்றுப்புறமெங்கும் பரவின; 1950 முடிவதற்குள் கல்கத்தாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இப்படித் தோன்றியவை 149 என்று கணக்கு. குடிதண்ணீருக்கும் சாக்கடைக்கும் வழி பிறக்கும் முன்பே அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். அந்தப் பள்ளிகளிலே வங்க மொழிதான் போதனாமொழி. ஆனால் பாரிசாலிலும் நவகாளியிலும் பேசிய வங்க மொழி கல்கத்தாக்காரர் காதுக்குக் கேலிப் பொருளாக இருந்தது. பாங்கால் என்ற பெயரே ஏச்சுப்போல ஒலித்த காலம் அது. நாஞ்சில்நாட்டுப் பிள்ளையோ யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ சென்னை வகுப்பறையில் வாய் திறக்கக் கூசியதை அறிந்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். வீட்டு மொழிக்கும் பள்ளி மொழிக்கும் இடையிலுள்ள தூரம் ஒரே மொழிக்குள்ளேயே இப்படி இருக்குமானால், சந்தால் பழங்குடிக் குழந்தைக்கும் வங்காளப் பாடநூலுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டியதேயில்லை.

வங்காளிகள் பெரும்பான்மையாக மட்டும் வாழ்ந்தவர்கள் அல்லர். சிறுபான்மையின் துயரமும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பீகாரில் சேர்ந்திருந்த மான்பூம் மாவட்டத்தில், 1948 முதல் பள்ளிகளில் ஹிந்தி திணிக்கப்படுகிறது என்று கொதித்தெழுந்த ஜனங்கள் வருஷக்கணக்காகச் சத்தியாக்கிரகம் செய்து, 1956 ஏப்ரலில் பாக்பிர்ராவிலிருந்து சுமார் ஆயிரம் பேர் கல்கத்தாவுக்குக் கால்நடையாகவே வந்தார்கள். அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி அம்மாவட்டத்தின் புருலியாப் பகுதி மேற்கு வங்காளத்தோடு இணைந்தது. 1961 மே 19ஆம் தேதி அஸ்ஸாமில் சில்சார் ரயில் நிலையத்தில், வங்க மொழியின் உரிமைக்காக நின்றவர்கள் மேல் போலீஸார் சுட்டதில் 11 பேர் மாண்டார்கள். மொழிவாரி மாகாணங்கள் பிரிந்த அதே 1956இல் ஏழாவது திருத்தத்தின் வழியே அரசியல் சாசனத்தில் புகுந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று சொல்கிறது. எல்லைக் கோட்டை எங்கே போட்டாலும் அதன் தவறான பக்கத்தில் சில குழந்தைகள் நிற்பார்கள் என்று அறிந்தே எழுதப்பட்ட பிரிவு அது. அதே ஆண்டில் ஆட்சிமொழிக் கமிஷன் அறிக்கை கொடுத்தபோது, அவசரமாக ஹிந்தியைப் புகுத்துவதை ஏற்காமல் மாறுபட்ட குறிப்பு எழுதியவர்கள் இருவர்: ஒருவர் வங்காளத்து மொழியியல் மேதை சுநீதி குமார் சாட்டர்ஜி, மற்றவர் நம் ப. சுப்பராயன்.

ஜாதவ்பூர்க் கல்லூரி 1955 டிசம்பர் 24ஆம் தேதி சர்வகலாசாலையாயிற்று. அடுத்த ஆண்டே கவி புத்ததேவ போஸ் அங்கே ஒப்பிலக்கியத் துறையை நிறுவினார். 1907இல் ரவீந்திரநாதர் பரிஷத்தில் விசுவ சாகித்தியம் பற்றி ஆற்றிய சொற்பொழிவுக்கு அரை நூற்றாண்டு கழித்து அமைந்த பீடம் என்று அதைச் சொல்லலாம். சர்வகலாசாலையின் முதல் தலைவரான திரிகுண சென், கோத்தாரி கல்விக் கமிஷனில் அங்கத்தினராயிருந்து, 1967இல் மத்தியக் கல்வி மந்திரியானார். பரிஷத்தின் வயலில் விளைந்த அவர், ஐந்தாண்டுகளுக்குள் சர்வகலாசாலைகள் இந்திய மொழிகளில் கற்பிக்க வேண்டும் என்று அறிவித்தபோது, எம். ஸி. சாக்ளா அந்தக் கொள்கைக்கு உடன்பட மனமின்றி மந்திரிசபையிலிருந்து விலகினார். சென் காலத்தில்தான் 1968ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையும் அதனோடு மும்மொழித் திட்டமும் வெளிவந்தன. மாநில மொழிகளில் சர்வகலாசாலைப் பாடநூல்கள் எழுத மாநிலத்துக்கு ஒரு கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டதும் அப்போதுதான். அதற்குச் சில மாதங்கள் முன்பாக, ஜனவரி 23ஆம் தேதி, அண்ணாதுரையின் அரசாங்கம் சட்டசபையில் தீர்மானம் நிறைவேற்றித் தமிழும் ஆங்கிலமும் என்று இரண்டோடு நின்றுகொண்டது. தாய்மொழியில் சிந்தனை, பக்கத்தில் ஆங்கிலம் என்ற 1906ஆம் வருஷத்துச் சூத்திரத்தை அந்த ஆண்டு மிக நெருங்கி நின்றது ஜாதவ்பூரிலிருந்து டில்லிக்குப் போனவரின் திட்டமன்று, சென்னையின் தீர்மானமே என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிறது.

வங்காளமோ பிற்பாடு அந்தச் சூத்திரத்தின் ஒரு காலை வெட்டியது. ஆரம்ப வகுப்புகளில் ஏழைக் குழந்தைகள் பாதியில் விலகுவதற்கு ஆங்கிலமே காரணம் என்று கருதி, இடதுசாரி அரசாங்கம் 1983 முதல் அரசுப் பள்ளிகளின் ஐந்து வகுப்புகளிலும் அதை நிறுத்திற்று. கருணையின்பாற்பட்ட எண்ணந்தான், சந்தேகமில்லை. ஆனால் வசதியுள்ளவர்கள் தம் குழந்தைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றிக்கொண்டார்கள். மாற்ற முடியாதவர்களின் குழந்தைகள் ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தொடங்கி, அதே பரீட்சையில் அவர்களோடு போட்டியிட நேர்ந்தது. ஜாதவ்பூரில் வங்க மொழி கற்பித்த பேராசிரியர் பவித்ர சர்க்காரைக் கொண்டு 1998இல் ஒரு குழு ஆராய்ந்தது. ஆங்கிலம் முதலில் மூன்றாம் வகுப்புக்கும், 2004இல் முதல் வகுப்புக்குமாகத் திரும்பி வந்தது. தாய்மொழிக் கல்வி தவறு என்பதற்கு இந்த இருபது வருஷத்தைச் சான்று காட்டுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. தாய்மொழி அங்கே குறையாமல் இருந்தது, குறைந்தது மற்றொன்று.

இனி, இரு மொழிக் கல்வி பயன் தருகிறதா என்ற கேள்விக்கு உலகம் கண்ட விடையைச் சொல்ல வேண்டும். 1962இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பீல் என்ற அம்மையாரும் லாம்பர்ட்டும் பத்து வயதுக் குழந்தைகளைச் சோதித்து, குடும்பத்தின் செல்வநிலை முதலியவற்றைச் சமமாக வைத்துப் பார்த்தால் இரு மொழிக் குழந்தைகள் பின்தங்குவதில்லை, பல சோதனைகளில் முந்துகிறார்கள் என்று கண்டார்கள். வேல்ஸில் ஸேயர் அளந்தது மொழியையன்று, பெரும்பாலும் வறுமையையும் கிராமத்தையும் என்று அதன் பிறகு தெளிவாயிற்று. 1991இல் அமெரிக்காவில் ராமிரெஸ் குழுவினர் ஸ்பானிஷ் பேசும் சுமார் 2,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், தாய்மொழியை இரண்டொரு வருஷத்தில் கழற்றிவிட்ட பள்ளிகளைவிட ஆறு வருஷம் போலக் கூடவே வைத்துக்கொண்ட பள்ளிகளின் பிள்ளைகள் நாளடைவில் நல்ல வளர்ச்சி காட்டினார்கள். நம் நாட்டில் ஆந்திரம் 2004இல் எட்டுப் பழங்குடி மொழிகளில் 240 பள்ளிகளிலும், ஒரிஸ்ஸா 2007இல் பத்து மொழிகளில் 195 பள்ளிகளிலும் இம்முறையைத் தொடங்கின. வகுப்பில் ஊமைபோல் உட்கார்ந்திருந்த குழந்தைகள் வாய் திறந்து கேள்வி கேட்டார்கள் என்பதே பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. ஆனால் மூன்றாம் வகுப்போடு தாய்மொழியை வழியனுப்பிவிட்டால் அந்த லாபம் நிலைப்பதில்லை. மாடியேற ஏணி வைத்து, பாதி ஏறியதும் ஏணியை எடுத்துவிடுவதற்கு ஒப்பான காரியம் அது. தாய்மொழியில் வாசிக்கப் பழகியவன் பெற்றது எழுத்தின் உருவத்தையன்று, எழுத்தில் பொருள் உண்டென்ற நிச்சயத்தை. அந்த நிச்சயம் மொழி மாறினாலும் கூடவே வருகிறது. அது வேரூன்ற வருஷங்கள் வேண்டும்.

இந்த அளவுகோலை வங்காளம் தன் சிறுபான்மையினருக்கு எப்படிப் பயன்படுத்திற்று? டார்ஜிலிங் மலைப்பகுதிக்கு 1961ஆம் வருஷச் சட்டம் நேபாளியை ஆட்சிமொழியாக்கியது. ரகுநாத் முர்மு 1925இல் சந்தாலி மொழிக்கு ஆக்கித் தந்த ஓல் சிக்கி எழுத்தை 1979இல் மாநில அரசாங்கம் ஏற்றது. 2003இல் அந்த மொழி சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் இடம் பெற்றது. ஜார்கிராமிலும் பாங்குராவிலும் சந்தாலி வழிப் பள்ளிகள் பிறகு வந்தன. எழுத்துக்கும் அட்டவணைக்கும் நேர்ந்த வேகம் வகுப்பறைக்கு நேரவில்லை. ஓல் சிக்கி படிக்கத் தெரிந்த உபாத்தியாயர்கள் போதவில்லை, மேல் வகுப்புகளுக்குப் புத்தகங்கள் போதவில்லை என்று அங்கே பெற்றோர்கள் வீதிக்கு வந்து முறையிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு, அதைச் சொல்லாமல் வங்காளத்தைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, தெருவில் வங்க மொழி பேசி, பள்ளியில் ஆங்கிலம் படித்து, தமிழ் எழுத்தைக் கூட்டத் தெரியாமல் வளர்வதைக் கண்டு நாம் வருந்துகிறோம். ஹோசூரில் வீட்டிலே தெலுங்கு பேசும் குழந்தை, ஆம்பூரில் உருது பேசும் குழந்தை, நம்முடைய பள்ளியில் இதே இடத்தில் நிற்கின்றன. 2006இல் நிறைவேறிய சட்டம் எல்லாப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாய பாடமாக்கியது. இந்நாட்டில் வாழ்கிறவன் இந்நாட்டு மொழியைக் கற்பது அவனுக்கே நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பத்தாம் வகுப்பை நெருங்கிய சிறுபான்மை மாணவர்கள், தங்களுக்குத் தமிழ் கற்பிக்க ஆசிரியரே முறையாக அமையவில்லை என்று சொல்லி விலக்குக் கேட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். அவர்களுடைய தாய்மொழி வழிப் பள்ளிகளிலும் அந்தந்த மொழி ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்ற புகார் புதியதல்ல.

ஜாதீய சிக்ஷா பரிஷத்தின் நோக்கங்களில், மொழியைப் பற்றிய வாசகத்தை அடுத்து, நாட்டு மொழிகளில் தகுந்த பாடநூல்களைத் தயாரிப்பதும் கல்விக்கென்றே தம்மை ஒப்படைத்த ஆசிரியர்களைத் திரட்டுவதும் தன் கடமை என்று எழுதப்பட்டிருந்தது. பௌபஜார் தெருவின் வாடகைக் கட்டிடத்தில் பணத்துக்கும் மாணவர்களுக்கும் திண்டாடிக்கொண்டிருந்த அவர்களால் அதை முடிக்க இயலவில்லை. ஜார்கிராமத்துச் சந்தால் தகப்பனும் ஹோசூர்த் தெலுங்குத் தகப்பனும் இன்று கேட்பவை அந்த இரண்டுந்தான்.